எட்டேகால் மணி மாப்பிள்ளைகள்

கோவில்பட்டி வட்டாரத்தில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைகள் பலர் சரியாக எட்டேகால் மணிக்குப் படம் எடுத்துக்கொண்டவர்கள். நம்பாதவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தா படத்தைக் கழற்றி, அவருடைய மணிக்கட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சின்ன முள் எட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், பெரிய முள் மூன்றில் நிற்கும். அது எங்கள் ஸ்டூடியோ கடிகாரம். அப்பா மதுரையில் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கியது. வாங்கின அன்றே அது ஓடவில்லை. ஓடாததால்தான் வாங்கினார், விலை குறைவு.

கடிகாரத்துக்கு வாடகை கிடையாது. கூடவே ஒரு கறுப்புக் கோட்டு, இரண்டு டை, சட்டைப் பையில் செருகிக்கொள்ள நிப்பு இல்லாத பேனா ஒன்று. கோட்டின் முதுகை மேலிருந்து கீழ்வரை கிழித்து நாடா வைத்துத் தைத்திருந்தார். ஒல்லியான வாத்தியாருக்கும் பொருந்தும், தொப்பை வைத்த மில் முதலாளிக்கும் பொருந்தும். கேமராவுக்கு முதுகு தெரியாது. சுவர்க் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை, அதில் சீப்பும் குட்டிக்கூரா பவுடர் டப்பாவும். அந்தச் சீப்பு எத்தனை தலையைப் பார்த்திருக்கும் என்று நினைத்தால் இப்போது எனக்கே அரிக்கிறது.

எனக்கு எழுபத்துமூன்று வயது. அப்பா 1948-ல் திறந்த ஸ்டூடியோவை 2009-ல் நான் பூட்டினேன். பேரப்பிள்ளைகள் செல்போனை நீட்டி, “தாத்தா, ஆளை நல்லா எடுக்க ரெண்டு டிப்ஸ் சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். ரெண்டு என்று ஆரம்பித்தால் அது கதையாக நீண்டுவிடுகிறது, அவர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டூடியோவுக்கு இடம் பார்க்கப் போன அன்று அப்பா வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாராம். வீட்டுக்காரர், ‘போட்டோக்காரன் வாஸ்து பார்க்கிறான்’ என்று சிரித்திருக்கிறார். ஓட்டுக் கூரையின் வடக்குச் சரிவில் வரிசையாகக் கண்ணாடி ஓடு பதித்து, அதற்குக் கீழே கம்பியில் ஓடும் மல்லுத் துணித் திரை போட்டார். மூங்கில் கழியால் திரையைத் தள்ளித் தள்ளி வெளிச்சத்தைக் கூட்டுவார், குறைப்பார். தெற்கு, மேற்கு வெளிச்சத்தில் நேர் வெயில் வந்து விழும். மூக்குக்குக் கீழே கறுப்பாக மீசை மாதிரி நிழல் கட்டும். வடக்கு வானத்தின் வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே சீராக, பால் மாதிரி இறங்கும். இதை அவர் மதுரையில் வேலை கற்ற கடையில் இருந்த இங்கிலீஷ் புத்தகமும் சொல்லும்.

புத்தகம் எழுதினவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவர்கள் ஊரில் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கே சாய்ந்து போகும். எங்கள் ஊரில் சித்திரை பிறந்தால் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய ஆரம்பிக்கும், ஆவணிவரை அப்படித்தான். அந்த நாலு மாதமும் வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் உள்ளே குதிக்கும். மல்லுத் திரை அதற்காகத்தான். சித்திரை முகூர்த்தக் கூட்டத்தில் அப்பா இரட்டைத் திரை போடுவார். உள்ளே அடுப்பங்கரை மாதிரி வெந்துகிடக்கும். மாப்பிள்ளை கோட்டுக்குள் வேர்த்து ஒழுகுவார், பெண்ணின் பவுடர் கோடு கோடாக இறங்கும். நான் பனையோலை விசிறி பிடித்து நிற்பேன். ஏழு வயதில் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

தொழில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1839-ல் பாரிசில் இந்த வித்தையை உலகத்துக்கு அறிவித்தார்கள். 1856-ல் சென்னையில் ஒரு போட்டோகிராபிக் சொசைட்டியே அமைந்துவிட்டது. அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை மாகாண அரசு போட்டோகிராபராக வைத்தார்கள். 1858-ல் அவர் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 நெகட்டிவாக எடுத்து ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். சென்னைக் கலைப்பள்ளியில் படித்த ஐயாசாமி என்பவர் அவருக்கு உதவியாளர். ட்ரைப்பின் படங்கள் அச்சில் வந்திருக்கின்றன, பார்த்திருக்கிறேன். கல் கல்லாகத் தெரியும், தூண் தூணாகத் தெரியும், மனிதர்கள் அரிது. அந்தக் காலத்துக் கேமராவின் மூடியைத் திறந்தால் பல விநாடி திறந்தபடி இருக்க வேண்டும். கோபுரம் அசையாது. ஆள் அசைவான்.

ஆளை எடுத்தவர்கள் பிறகு வந்தார்கள். 1885-ல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் இடுக்கி வைத்து அளந்தார், நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்திப் படம் எடுத்தார். 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளிவந்தன. ஒரு நூலகத்தில் அவற்றைப் புரட்டிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குற்றம் படத்தின் தரத்தில் இல்லை, வெளிச்சம் எல்லாம் சரிதான். படத்தின் கீழே சாதிப் பெயர் இருக்கிறது, ஆள் பெயர் கிடையாது. நின்றவர்களின் கண்ணில், இது எப்போது முடியும் என்ற கேள்விதான் இருக்கிறது.

அதற்கு எதிர்த்திசையில் சென்னை மவுண்ட் ரோட்டில் வீலே அண்டு கிளைன் மாதிரி ஜெர்மானியர் நடத்திய கடைகள் இருந்தன. ராஜாக்கள், ஜமீன்தார்கள், வக்கீல்கள் அங்கே காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும், தலைப்பாகை எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தவரும் சொன்னார். சின்ன ஊர்களுக்கு இந்தத் தொழில் இறங்கியதற்குக் காரணம் உலர் பிளேட். முன்பெல்லாம் கண்ணாடியில் மருந்தைத் தடவி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, அப்போதே கழுவியாக வேண்டும். 1880 வாக்கில் மருந்து பூசிக் காய்ந்த பிளேட் பெட்டியில் அடைத்து விலைக்கு வந்தது. எடுத்து வைத்துவிட்டு ராத்திரி சாவகாசமாகக் கழுவலாம். பெட்டி ரயிலில் வந்தது, ரயில் போன ஊருக்கெல்லாம் ஸ்டூடியோவும் போனது.

பின்னால் தொங்கும் சீனை வரைய ஆள் வேண்டுமே? நாடகக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அரண்மனைத் தூண், மாடிப்படி, நிலா, ஏரி எல்லாம் நாடக மேடைக்கு வரைந்த கைகள் எங்களுக்கும் வரைந்தன. எங்கள் ஊரில் இது வாழ்ந்த வரலாறு. சி. கொண்டையராஜூ சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குச் சீன் வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர், நாற்பதுகளில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள், சாமி படங்கள் வரைந்தார்கள். அவை சிவகாசியில் அச்சாகி, காலண்டராக ஊரெல்லாம் தொங்கின. 1976-ல் அவர் காலமானார். அவர் வரைந்த முருகனின் முகத்தைப் பாருங்கள், இடது மேல் மூலையிலிருந்து இறங்கும் ஸ்டூடியோ வெளிச்சம் அதில் இருக்கும் என்று அப்பா சொல்வார். எனக்கு அப்படிப் பார்க்க வருகிறது. மற்றவர்களுக்கு எப்படியோ.

இனி, எடுக்கும் விதம்.

ஒரு ஆளுக்கு ஒரு பிளேட். அதற்கு மேல் அப்பா போடமாட்டார், கட்டுப்படியாகாது. அதனால் படத்தின் பெரும்பகுதி வேலை மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்தாக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா பார்க்க ஆரம்பித்துவிடுவார். எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறார், பல்லை மறைக்க உதட்டை இழுக்கிறாரா. “வாங்க அண்ணாச்சி, ஒங்க பக்கம் மழை உண்டா? பருத்தி என்ன வெலை போச்சு?” என்று பேச்சுக் கொடுத்தபடியே நாற்காலியை நகர்த்துவார். மழை பேச்சில் முகம் ஒருமாதிரி இருக்கும், பருத்தி விலை பேச்சில் வேறுமாதிரி. எது நல்ல முகம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எல்லாம் சரி செய்து, வெளியே வந்து, அந்தப் பேச்சை மறுபடி எடுப்பார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் எடுப்பார், பின்னால் ஒளிந்துகொள்ளமாட்டார். “ஆளு ஆளைத்தாம்லே பாப்பான். பெட்டியை எதுக்குப் பாக்கணும்?” என்பார்.

எல்லாருக்கும் இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருக்காது. சின்னக் கண் இருக்கிற பக்கத்தைக் கேமராவுக்கு நெருக்கமாகத் திருப்பினால் இரண்டும் சமமாகத் தெரியும். நீள மூக்குக்காரரை நேராக உட்காரவைக்க வேண்டும், பக்கவாட்டில் திருப்பினால் மூக்குதான் படம். வழுக்கை என்றால் கேமராவைக் கொஞ்சம் இறக்கு. இரட்டை நாடி என்றால் கொஞ்சம் ஏற்று, ஆளிடம் கழுத்தை லேசாக முன்னால் நீட்டச் சொல். நீட்டும்போது அவருக்கே ஆமை மாதிரி இருக்கும், படத்தில் சரியாக வரும். கறுத்த முகமும் வெள்ளை வேட்டி சட்டையும் சேர்ந்து வந்தால் உடுப்பு பக்கம் வெளிச்சத்தைக் குறைத்து, முகத்தின் பக்கம் திருப்பு. முகம் இருண்டால் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துவிடு. அது நாடிக்குக் கீழே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், படத்தில் துண்டு விழாது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கிறதா என்று கடைசியாகப் பார். இல்லாவிட்டால் கண் செத்துக் கிடக்கும்.

கைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முகத்தைச் சிரிக்கவைத்துவிடலாம், கைக்குச் சிரிக்கத் தெரியாது. அதனால்தான் பழைய படங்களில் குடை, புத்தகம், கைத்தடி, பூச்சாடி. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் எங்கள் ஸ்டூடியோவில் புத்தகத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அதை இன்று கேலி பேசுகிறார்கள். மேல்சட்டை போடவும், நாற்காலியில் சரிசமமாக உட்காரவும் ஊருக்குள் இடம் கொடுக்கப்படாத ஒரு மனிதர், எங்கள் கடைக்குள் வந்து, கோட்டு மாட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படத்தை நான் கழுவியிருக்கிறேன். அது வேஷம் என்றால், தர்ஸ்டன் எடுத்தது மட்டும் நிஜமா?

குரூப் போட்டோவுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். “ஒங்களுக்கு என் லென்சு தெரிஞ்சா, லென்சுக்கு நீங்க தெரிவீங்க.” ஐம்பது பேரும் அவரவரே நகர்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் முன்னால் ஜமுக்காளத்தில் சம்மணம். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, திறந்த அடுத்த நொடியில் எடுத்தால் கண் சிமிட்டினவர் யாரும் அகப்படமாட்டார்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உபயோகித்த பழைய வகைப் பிளேட்டுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு பல்பு போட்டு வேலை செய்ய முடிந்தது. அதே காரணத்தால் குங்குமம் படத்தில் கறுப்பாக விழும், வெற்றிலை போட்ட வாய் மை பூசின மாதிரி இருக்கும், நம்முடைய மாநிறம் இரண்டு படி இருண்டு வரும். நம் ஆட்கள் தங்கள் படத்தைப் பார்த்து, “நான் இம்புட்டுக் கறுப்பா?” என்று கேட்டதில் நியாயம் இருந்தது. பவுடர் போடச் சொன்னோம். பிறகு நெகட்டிவில் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்தோம். நெகட்டிவில் பென்சில் விழுந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணடிக் கருவளையம் எல்லாம் போகும்.

நியாயமாக ஆரம்பித்தது பிறகு பேராசையாகப் போனது. எல்லா நிறமும் பார்க்கத் தெரிந்த பிலிம் வந்த பிறகும் “செவப்பா எடுங்க” என்றார்கள். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் தகப்பனாரே காதோடு வந்து சொல்வார். நானும் செய்து கொடுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, பிழைப்பு. அப்பா மட்டும் ஒரு வரம்பு வைத்திருந்தார். அவருடைய கணக்கு, தெருவில் போகிற ஆள் படத்தைப் பார்த்து இது இன்னார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பென்சில். இப்போது போன் தானாகவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது, யாரும் கேட்காமலே.

பங்குனித் திருவிழா, பொங்கல், பள்ளிக்கூட ஆண்டு விழா நாட்களில் பூச்சடைப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பின்னலை முழுக்க மூடி மல்லிகை மொட்டும் கனகாம்பரமும் தைத்து, உச்சியில் ராக்கொடி வைத்து, கனம் தாங்காமல் கழுத்தை விறைத்துக்கொண்டு வருவார்கள். அம்மாவுக்கு முகமும் வேண்டும், சடையும் வேண்டும். இரண்டும் ஒரே பிளேட்டில். இதற்கு எங்கள் தொழிலில் கண்டுபிடித்த வழி ஆளுயரக் கண்ணாடி. பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால் முக்கால்வாசி திருப்பி நிறுத்தினால் முகம் கேமராவுக்கு, சடை கண்ணாடிக்குள். சொல்லும்போது சுலபம். கண்ணாடியின் சாய்வு ஒரு விரக்கடை மாறினால் கேமராவும் கூரையும் நானும் விசிறியும் எல்லாம் உள்ளே வந்துவிடுவோம். அப்பா துணிக்குள்ளிருந்து, “எட்டு நகத்து, எட்டு நகத்து” என்பார். எட்டு என்றால் எள்ளளவு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. உள்ளே அவருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகப் பார்த்து எனக்கு நேராக உத்தரவு போடுவார்.

ஒருமுறை தப்பிவிட்டது. சடையின் ஓரத்தில், கண்ணாடிக்குள், மூன்று கால் பெட்டியும் அதன் பின்னால் கறுப்புத் துணிக்குள் குனிந்த ஒரு உருவமும் விழுந்துவிட்டன. பிளேட் வீண். மறுநாள் பிள்ளையைத் திரும்ப வரச் சொல்லி, பூவுக்கும் காசு கொடுத்து எடுத்தார். ஊரையே படம் எடுத்தவரை வேலை செய்கிறபோது யாரும் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த வீணாய்ப்போன பிளேட்டுதான். அதிலும் முகம் துணிக்குள் இருக்கிறது.

சாவு வீட்டுக்குப் போவதும் தொழிலில் சேர்த்தி. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று உயிரோடு இருக்கும்வரை கேமரா பக்கமே வராத பெரியவர்கள் செத்த பிறகு அகப்படுவார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பில் துண்டால் கட்டி, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் பேரன்கள் நிற்க எடுப்போம். 1971 என்று நினைவு. கயத்தாறு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து விடியுமுன்னே ஆள் வந்தது. அப்பாவுக்கு இளைப்பு, நான் போனேன். ஒரு பாட்டி. மகள் அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தாள். வாசலில் பந்தலுக்குக் கீழே வெளிச்சம் போதாது, வெளியே கொண்டுவந்து எடுக்கணும் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அந்த மகளே புரிந்துகொண்டு, “வெயில்ல வைக்கணுமா, தம்பி? அவளுக்கு வெயிலு பழக்கந்தான்” என்றாள்.

ஒரு மாதம் கழித்து அவள் படத்தோடு வந்தாள். “கண்ணைத் தெறந்து குடுங்க. பிள்ளைக பயப்படுது” என்றாள். பெரிய பிரிண்டு போட்டு மூடிய இமைமேல் கண் வரைவது நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. ஆனால் யாருடைய கண்ணை வரைவது? பாட்டியை உயிரோடு நான் பார்த்ததில்லை. மகளை வடக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து, அவள் கண்ணைப் பார்த்து வரைந்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. வாங்கிப் பார்த்தவள், “எங்க ஆத்தாதான்” என்றாள். அந்த வீட்டுச் சுவரில் இன்றும் பாட்டி மகளின் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு படம் என்ன பெறும் என்பதற்கு ராமானுஜன் கதை ஒன்று இருக்கிறது. கணித மேதைக்குச் சரியான படம் ஒன்று இல்லையே என்று தேடினார்கள். 1936-ல் இந்தியா வந்த விஞ்ஞானி சந்திரசேகர் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடம் விசாரித்து ஒரு படத்தைக் கண்டெடுத்தார். 1919-ல் ஊர் திரும்புவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. நோய் முற்றின மனிதர், கண் மட்டும் உங்களைத் தாண்டி எங்கோ நிற்கும். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ராமானுஜன் முகம் அந்தப் பாஸ்போர்ட் படம்தான். பாரதியாரின் படங்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ரா.அ. பத்மநாபன் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து 1957-ல் சித்திர பாரதியைக் கொண்டுவராவிட்டால் நமக்கு அதுவும் இல்லை. இவர்களை எடுத்த ஸ்டூடியோக்காரர்கள் அன்று சாயங்காலம் கணக்கு நோட்டில் ஒரு ‘பஸ்ட்’ (மார்பளவுப் படம்) என்று மட்டும் எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். மரப்பெட்டி போய் யாஷிகா வந்தது, ஒரு ரோலில் பன்னிரண்டு படம். அப்பா பன்னிரண்டையும் பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைத்தார். ஊட்டி தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிமும் பேப்பரும் வந்தன. இறக்குமதி கிடைக்காத நாட்களில் எங்கள் வயிற்றைக் கழுவியது அதுதான், அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. எண்பதுகளில் கலர் வந்தபோது கழுவுகிற வேலை எங்கள் கையை விட்டு லேபுக்குப் போனது. இருட்டறையில் பழைய சாமான் போட்டோம்.

1993-ல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் வாக்காளர் அட்டையில் படம் கட்டாயம் என்றார். அடுத்த சில வருஷங்களில் முகாம் போட்டு எடுத்தார்கள். ஒரு காண்டிராக்டரிடம் நானும் கூலிக்குப் போனேன். பள்ளிக்கூட வராந்தா, உச்சி வெயில், முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். உட்கார், பார், எழுந்திரு. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு பேர். சாயங்காலம் வரிசையில் வந்த ஒரு கிழவி, “நீ ஸ்டூடியோக்காரர் மகன்தான? ஒங்க அப்பா எங் கல்யாணத்துக்கு எடுத்தாரு. நாடியை ஒரு விரல் வச்சித் தூக்கிவிட்டாரு” என்றாள். நான் நாடியைத் தூக்கிவிடவில்லை. பின்னால் ஆள் நின்றது. அந்த அட்டையில் அவள் முகம் எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. ஆனால் முதல் நாள் கூலியை வாங்கிக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவதில் குற்றவாளி நானேதான். 1983-ல், அப்பா காலமான மறுவருஷம், இடத்தை அடைக்கிறது என்று பிளேட்டுகளை விற்றேன். பரண்மேல் மரப்பெட்டிகளில் 35 வருஷக் கண்ணாடி. பிரேம் போடுகிற கடைக்காரர் வந்து எடை போட்டார். அவருக்கு வேண்டியது கண்ணாடி. மருந்துப் பூச்சைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டால் நல்ல தெளிந்த கண்ணாடி, சாமி படத்துக்கு மாட்டலாம். இன்னொருவர் பழைய பிலிமிலிருந்தும் ஹைப்போ தண்ணீரிலிருந்தும் வெள்ளி எடுப்பார், மிச்சத்தை அவர் கொண்டுபோனார். எனக்குக் கிடைத்த பணத்தில் ஒரு மேசை மின்விசிறி வாங்கினேன். அதுவும் இப்போது இல்லை. நான் மட்டும் இல்லை, இந்தத் தொழிலில் பலரும் இதைச் செய்தார்கள். அது எனக்கு ஆறுதல் கிடையாது.

பல வருஷம் கழித்துத்தான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் போய் டிஜிட்டலாக்கி வைத்தது என்றும், அதற்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் உதவியது என்றும் தெரிந்துகொண்டேன். அந்தப் படங்களில் சிலவற்றைப் பார்த்தேன். கண்ணாடி முன் பூச்சடைப் பிள்ளைகள், கைக்கடிகார மாப்பிள்ளைகள், நாற்காலியில் கட்டிவைத்த பாட்டிகள். எந்த ஊர் ஸ்டூடியோவும் எங்கள் ஸ்டூடியோ மாதிரியே இருந்தது.

என்னிடம் மிஞ்சியவை 43 பிளேட்டுகள். பெட்டிக்கு அடியில் தவறி நின்றவை. ஜன்னலில் வைத்துப் பார்க்கிறேன். கோட்டின் மடிப்புவரை கூர்மையாக இருக்கிறது, கண்ணில் பொட்டு வெளிச்சம் இருக்கிறது. யார் என்று மட்டும் தெரியவில்லை. பெயர் இருந்த கணக்கு நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஊரில் எண்பது வயதுக்கு மேல் இருக்கிறவர்களிடம் காட்டினேன். ஐந்து பேரை அடையாளம் சொன்னார்கள்.

ஆகவே பேரப்பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வடக்கு வெளிச்சம், நாடி, கை எல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிற பழைய படங்களைப் பிரேமிலிருந்து கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். கழன்றவற்றின் பின்பக்கம் பெயர், ஊர், என்ன விசேஷம், தெரிந்தால் வருஷம், இவற்றை எழுதுங்கள். பேனாவால் வேண்டாம், மை முன்பக்கம் ஊறி வரும். பென்சில் போதும், அழுத்தாமல் எழுதுங்கள். சொல்லத் தெரிந்த ஆச்சி இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.